வண்டு விழுந்த மைதாவைச் சலித்துப் பயன்படுத்தலாமா?

கேள்வி: வீட்டிலேயே கேக், பிஸ்கட் செய்து விற்கிறேன். கிறிஸ்துமஸ் ஆர்டரை நம்பி நவம்பரில் ஒரு மூட்டை மைதா வாங்கினேன். மழையில் ஆர்டர் குறைந்து, பாதி மிஞ்சிவிட்டது. மூட்டையின் வாயை மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். இப்போது திறந்தால் சின்னச் சின்னச் சிவப்பு வண்டுகள் ஓடுகின்றன. லேசாக ஒரு நெடியும் அடிக்கிறது. சலித்து வெயிலில் காயவைத்தால் போதும் என்கிறார் மாமியார். மூட்டையில் போட்டிருக்கும் தேதியும் இன்னும் முடியவில்லை. மில்லில் அரைத்து வைக்கும் கோதுமை மாவும் இப்படித்தான், சில வாரங்களில் கசந்துபோகிறது. மாவு கெட்டுவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கெடாமல் எப்படி வைப்பது?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: அந்த மைதாவைக் கேக்குக்கோ பிஸ்கட்டுக்கோ எடுக்காதீர்கள். உங்கள் மாமியார் சொல்வது தானியத்துக்குச் சரி. கோதுமையிலோ பயறிலோ வண்டு விழுந்தால் வெயிலில் பரப்பி, புடைத்து, கழுவிக் காயவைத்து எடுத்துக்கொள்ளலாம். மாவைக் கழுவ முடியாது. வண்டு விட்டுப்போனது எல்லாம் மாவோடு மாவாகக் கலந்துவிடுகிறது.

நீங்கள் பார்த்தது சிவப்பு மாவு வண்டு. 3, 4 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். மூட்டையைத் திறந்ததும் வந்த நெடி அது சுரக்கும் குயினோன் என்ற வேதிப்பொருளின் நெடி. வண்டு பெருகப் பெருக இந்தச் சுரப்பு மாவில் ஏறி, வெள்ளை மாவுக்கு லேசான இளஞ்சிவப்பு நிறத்தைக் கொடுத்துவிடும். பசைத்தன்மையையும் கெடுக்கும். அப்படிப்பட்ட மாவில் பன்னோ பிரெட்டோ செய்தால் சரியாக எழும்பாது, வாயில் வைத்ததும் வேண்டாத சுவை தட்டும். சல்லடையில் நிற்பது வளர்ந்த வண்டும் பெரிய புழுவும் மட்டும்தான். முட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. பிசுபிசுப்பாக இருப்பதால் மேலே மாவு ஒட்டிக்கொள்ளும், சல்லடைக் கண்ணிலும் நழுவிவிடும். நம் ஊர் வெப்பத்தில் முட்டை வண்டாக ஏறக்குறைய ஒரு மாதம் போதும். இன்று சலித்த மாவில் அடுத்த மாதம் மறுபடியும் வண்டு ஓடுவதற்குக் காரணம் இதுதான்.

எல்லா மாவையும் கொட்டிவிடச் சொல்லவில்லை. ஒன்றிரண்டு வண்டு மட்டும் தென்பட்டு, நெடியோ நிறமாற்றமோ இல்லாவிட்டால், சலித்து உடனே சப்பாத்திக்கோ பூரிக்கோ தீர்த்துவிடலாம். வீட்டுக்கு மட்டும். காசு வாங்கிக்கொண்டு பிறர் வீட்டுக்குக் கொடுக்கும் பண்டத்தில் அதுவும் கூடாது. ஒரு கேக்கில் விலை குறைந்த பொருள் மைதாதான். அதைக் காப்பாற்றப்போய் வெண்ணெய், முட்டை, முந்திரி, உங்கள் உழைப்பு எல்லாவற்றையும் பணயம் வைப்பது நியாயமில்லை.

இனி கோதுமை மாவின் கசப்பு. இதற்கும் வண்டுக்கும் சம்பந்தமில்லை. மைதா என்பது தவிடும் முளைக்கருவும் நீக்கப்பட்ட கோதுமை. அதில் கொழுப்பு ஒரு சதவீத அளவில்தான் இருக்கிறது. மில்லில் முழுதாக அரைக்கும்போது முளைக்கருவிலுள்ள எண்ணெயும் மாவுக்குள் வந்துவிடுகிறது. அந்த எண்ணெயைச் சிதைக்கும் நொதியும் கூடவே வருகிறது. மணியாக இருந்தவரை இரண்டும் தனித்தனி அறையில் இருந்தன. அரைத்ததும் கலக்கின்றன, காற்றும் படுகிறது. எண்ணெய் உடைந்து அமிலமாகிறது, காறல் வாடை கிளம்புகிறது. நாள்பட நாள்பட மாவில் அமிலம் ஏறும் என்பதால்தான், 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறை அதற்கும் ஓர் உச்சவரம்பு வைத்தது: கோதுமை மாவுக்கு 0.18 சதவீதம், மைதாவுக்கு 0.12 சதவீதம். எண்ணெய்ச் சத்து கூடக்கூட மாவு கெடாமல் இருக்கும் காலம் சுருங்கும். கம்பில் கொழுப்பு 5 சதவீதம் வரை உண்டு. கம்பு மாவு ஒரு வாரத்திலேயே கசக்கத் தொடங்குவதை எல்லோரும் பார்த்திருப்போம். உங்கள் ஊர் மக்ரூனுக்குப் பொடிக்கும் முந்திரியில் பாதிக்குச் சற்றுக் குறைவாக எண்ணெய்தான். அதைப் பொடித்து வைக்கவே கூடாது, வேண்டும்போது பொடிப்பதே சரி. பாதாம் மாவு வாங்கினால் ஃபிரிஜ்ஜுக்கு வெளியே அதற்கு இடமில்லை.

மில்லில் அரைத்தவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. மாவு சூடாக வரும். அந்தச் சூட்டோடு டப்பாவில் கொட்டி மூடினால் உள்ளே ஆவி வியர்த்து, மூடியிலிருந்து சொட்டி, மேல்மாவு கட்டிதட்டும். அகலமான தாம்பாளத்திலோ சுத்தமான துணியிலோ பரப்பி, நன்றாக ஆறவிட்டு எடுத்து வையுங்கள்.

கெட்டதா இல்லையா என்று பார்க்க மூக்கைவிட நல்ல கருவி வீட்டில் இல்லை. நல்ல மைதாவுக்குக் கிட்டத்தட்ட வாசனையே கிடையாது. நல்ல கோதுமை மாவில் மெல்லிய இனிப்பு மணம் இருக்கும். குளிர்ந்த மாவில் வாடை அடங்கிக் கிடக்கும் என்பதால், ஒரு கரண்டி மாவை ஒரு கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் நீர் கொஞ்சம் ஊற்றிக் கலக்கி, ஒரு நிமிடம் தட்டால் மூடிவிட்டுத் திறந்து முகர்ந்து பாருங்கள். பழைய எண்ணெயின் சிக்கு வாடையோ, மக்கிய வாடையோ, புளித்த வாடையோ, மருந்து நெடியோ இருந்தால் அப்போது தெரிந்துவிடும். சந்தேகம் தீராவிட்டால் உப்பில்லாமல் சின்ன சப்பாத்தி ஒன்று சுட்டு வாயில் போட்டுப் பாருங்கள். விழுங்கிய பிறகு அடிநாக்கில் கசப்பு நின்றால் அந்த மாவு வேண்டாம். பச்சை மாவை வாயில் போட்டுச் சுவை பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மாவு வேகாத பொருள், அதில் நோய்க்கிருமி இருக்க வாய்ப்புண்டு. 2016இல் அமெரிக்காவில் மாவு வழியாகப் பரவிய ஈ.கோலை கிருமியால் பல மாநிலங்களில் மக்கள் நோயுற்றார்கள். கேக் கலவையைக் குழந்தைகள் வழித்து நக்குவதையும் இதனால்தான் தடுக்கச் சொல்கிறேன்.

கட்டியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விரலால் அழுத்தியதும் தூளானால் அது எடையில் அழுந்திய மாவு, அவ்வளவுதான். உடையாமல் கெட்டியாக நின்றாலோ ஈரம் தட்டினாலோ தண்ணீர் பட்டிருக்கிறது. நூல் நூலாக, சிலந்தி வலைபோல ஒட்டிக்கொண்டு வந்தால் அந்துப்பூச்சியின் புழு குடியிருக்கிறது என்று அர்த்தம்.

பூஞ்சை பிடித்த மாவு விஷயத்தில் மட்டும் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. பச்சையாக, கறுப்பாக, சாம்பல் நிறமாக ஒரு புள்ளி தெரிந்தாலும் அந்த டப்பா மாவு முழுவதும் குப்பைக்குத்தான். மேலே தெரியும் பகுதியைச் சுரண்டிவிட்டு மீதியை எடுப்பது ஆபத்து. சில பூஞ்சைகள் சுரக்கும் நச்சு அடுப்புச் சூட்டில் அழியாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப்போனதில் தீவனத்தில் கலந்த, பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு அகப்பட்டது. அஃப்ளடாக்சின் என்ற நச்சை உலகம் அறிந்துகொண்டது அப்படித்தான். ஆகவே பூசணம் பிடித்த மாவைக் கோழிக்கும் மாட்டுக்கும் கொட்டாதீர்கள். உங்களிடம் இருக்கும் வண்டு மைதாவில் பூசணம் இல்லாவிட்டால், பசை காய்ச்சப் பயன்படுத்தலாம், வேறெதற்கும் வேண்டாம்.

மூட்டையில் போட்ட தேதி பிரிக்காத மூட்டைக்கு, அதுவும் உலர்ந்த குளிர்ந்த இடத்தில் இருந்தால்தான். மாவில் ஈரம் 14 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது மேலே சொன்ன 2011ஆம் ஆண்டின் விதிமுறை. ஐப்பசி, கார்த்திகையில் கடற்கரை ஊரில் திறந்து வைத்த மாவு காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து அந்த வரம்பைத் தாண்டிவிடும். பிரித்த மைதாவை நம் வெப்பத்தில் அலமாரியில் 2 மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். மில்லில் அரைத்த கோதுமை மாவுக்கு 3 வாரம். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃபிரிஜ்.

வாங்கி வந்ததும் செய்ய வேண்டியது இது. மாவைக் கிலோ கிலோவாகக் கெட்டியான ஜிப் கவரில் பிரித்து, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, ஒரு வாரம் ஃபிரீசரில் வையுங்கள். மைனஸ் 18 டிகிரியில் முட்டை, புழு, வண்டு எல்லாமே செத்துவிடும். மூட்டையாக வைத்தால் நடுவில் இருக்கும் மாவுக்குக் குளிர் போய்ச் சேர நாளாகும், அதனால்தான் பிரிக்கச் சொல்கிறேன். பிறகு இறுக மூடும் எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றலாம். மடித்து ரப்பர் பேண்ட் போட்ட பை எதையும் தடுக்காது. வண்டு மடிப்பு இடுக்கில் புகுந்துவிடும், அந்துப் புழு மெல்லிய பிளாஸ்டிக்கைக் கடித்தே துளைக்கும். ஃபிரிஜ்ஜிலிருந்து எடுத்த மாவை உடனே திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால்தான் உள்ளே ஈரம் வியர்க்காது. மறுநாள் கேக்குக்கு வேண்டியதை முதல் நாள் இரவே, மூடியபடி, வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். குளிர்ந்த மாவு வெண்ணெயை இறுக்கிக் கலவையைக் கெடுக்கும்.

வேப்பிலை, கிராம்பு, பிரிஞ்சி இலை, வற்றல் மிளகாய் போடலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வாடைக்குச் சில பூச்சிகள் அண்டாமல் போகலாம். உள்ளே ஏற்கெனவே இருக்கும் முட்டையை அவை ஒன்றும் செய்யாது. கேக் மாவில் கிராம்பு மணம் ஏறுவதுதான் மிச்சம். வறுத்து வைப்பது ரவைக்கு நல்ல வழி. மைதாவை வறுத்தால் பசைத்தன்மை போய்விடும், அதில் பிரெட் எழும்பாது.

டப்பாவில் பழைய மாவு அடியில் கிடக்க, அதன்மேல் புதிய மாவைக் கொட்டும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. வண்டு பரம்பரையாக வாழ்வது அதனால்தான். முழுவதும் தீர்ந்த பிறகு டப்பாவைக் கழுவி, வெயிலில் ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து நிரப்புங்கள். அலமாரித் தட்டின் இடுக்கு, சல்லடையின் விளிம்பு, தராசின் அடிப்பக்கம் ஆகிய இடங்களில் மாவு ஒட்டியிருக்கும். புதிய மாவை உள்ளே கொண்டுவருமுன் அவற்றை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துத் துடையுங்கள்.

கூடவே பேக்கிங் பவுடரையும் சோதியுங்கள், அதுவும் இதே ஈரத்தைத்தான் குடித்திருக்கும். அரைக் கிண்ணம் வெந்நீரில் அரைத் தேக்கரண்டி போட்டால் சீறிப் பொங்க வேண்டும். பொங்காவிட்டால் அதையும் மாற்றுங்கள். அடுத்த முறை மைதா வாங்கும்போது ஒரு மாதத்துக்கு ஆகும் அளவுக்கு மேல் வாங்காதீர்கள். மொத்தமாக வாங்கினால் மிஞ்சும் தொகை பாதி மூட்டையைக் கொட்டும்போது போய்விடுகிறது. கடையில் விலையைக் கேட்குமுன் மூட்டையைத் திருப்பி, அடைத்த தேதியைப் பாருங்கள். பழைய சரக்காக இருந்தால் வேறு மூட்டை கேளுங்கள்.