பழைய கணிப்பொறி: பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மேசைக் கணிப்பொறி ஒன்று உங்கள் வீட்டிலோ, உறவினர் வீட்டிலோ இருக்கக்கூடும். அதன் விசையை அழுத்திவிட்டுத் தேநீர் அருந்தி முடித்த பின்புதான் அது கண் விழிக்கும். “இதைக் கழித்துவிட்டுப் புதிது வாங்க வேண்டியதுதான்” என்பார் ஒருவர். “சிறு செலவில் சரி செய்துவிடலாம்” என்பார் மற்றொருவர். இருவரில் யார் சொல்வது சரி? குடும்பத்தின் சேமிப்பைத் தொடும் இக்கேள்விக்கு ஊகத்தால் விடை காணலாகாது. அளந்தும் கணக்கிட்டுமே விடை காண வேண்டும். அதற்கு வேண்டிய இயற்பியல் உங்களுக்கு எட்டாததன்று.

கணிப்பொறிக்கு மூப்பு உண்டா?

கணிப்பொறியின் மூளை எனப்படும் மையச் செயலகம் சிலிக்கான் சில்லால் ஆனது. அதில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. வாங்கிய நாளில் எந்த வேகத்தில் கூட்டிக் கழித்ததோ, ஏறக்குறைய அதே வேகத்தில்தான் இன்றும் அது கணக்கிடுகிறது. தேய்பவை வேறு உறுப்புகள். சுழலும் விசிறி, சுழலும் வன்தட்டு ஆகியவை உராய்வால் தேய்கின்றன. மின்கலம், மின்பகுளி அடங்கிய மின்தேக்கி ஆகியவை வேதி மாற்றத்தால் நலிகின்றன. இவற்றுள் பலவற்றைத் தனியே கழற்றி மாற்ற முடியும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

“புதிய கணிப்பொறியின் செயலகம் பல மடங்கு வேகமாக இருக்குமே?” என்று நீங்கள் கேட்கலாம். 1978-இல் வெளிவந்த இன்டெல் 8086 சில்லின் கடிகார வேகம் 5 மெகா ஹெர்ட்ஸ். 2004-இல் பென்டியம் 4 சில்லு 3.8 ஜிகா ஹெர்ட்ஸை எட்டியது. 26 ஆண்டுகளில் 760 மடங்கு! அக்காலத்தில் மூன்றாண்டு ஆன கணிப்பொறியே கிழமாகிவிட்டது. ஆனால் அதன்பின் வெப்பம் குறுக்கே நின்றது. வேகத்தைக் கூட்டக் கூட்டச் சில்லு தாங்க முடியாத அளவு சூடேறியது. ஆகவே, அடுத்த 20 ஆண்டுகளில் கடிகார வேகம் இரு மடங்குகூட ஆகவில்லை. ஒரு துடிப்பில் செய்யும் வேலையும், ஒரே சில்லில் அமையும் உள்ளகங்களின் எண்ணிக்கையும் கூடியிருப்பது உண்மையே. எனினும் கட்டுரை எழுதவும், பாடம் படிக்கவும், காணொலி பார்க்கவும் பத்து வயதுச் செயலகமே பெரும்பாலும் போதும்.

எந்தக் கண்ணி தளர்ந்தது?

அப்படியானால் தாமதம் எங்கே ஏற்படுகிறது? விண்டோஸ் கணிப்பொறியில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். ‘டாஸ்க் மேனேஜர்’ என்னும் பலகை தோன்றும். செயலகம், நினைவகம், வன்தட்டு ஆகிய ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு உழைக்கிறது என்பதை அது காட்டும். கணிப்பொறி திணறும்போது செயலகம் 20 விழுக்காட்டில் இருக்க, வன்தட்டு 100 விழுக்காட்டில் நின்றால் குற்றவாளி யார் என்பது தெளிவு.

வன்தட்டு ஏன் மெதுவானது? அது நிமிடத்துக்கு 7,200 முறை, அதாவது விநாடிக்கு 120 முறை சுழல்கிறது என்போம். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. தேடும் தகவல் படிப்பு முனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லி விநாடி ஆகும். முனை உரிய தடத்துக்கு நகர ஏறத்தாழ 9 மில்லி விநாடி. ஆக, ஒரு தகவலை எடுக்க 13 மில்லி விநாடிக்கு மேல். விநாடிக்குச் சுமார் 75 முறைதான் எடுக்க முடியும். எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைத் தட்டில் சுழற்சியே இல்லை. அதில் ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 0.1 மில்லி விநாடி போதும்.

இப்போது ஒரு கணக்கு. கணிப்பொறி விழித்தெழ 100 விநாடி ஆகிறது. அதில் 80 விநாடி வன்தட்டுக்காகக் காத்திருப்பது, 20 விநாடி செயலகம் உழைப்பது என்று கொள்வோம். செயலகத்தை இரு மடங்கு வேகமுள்ளதாக மாற்றினால் 80 + 10 = 90 விநாடி. வன்தட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தினால் 80 விநாடி ஒரு விநாடிக்கும் கீழே இறங்கிவிடும்; மொத்தம் சுமார் 21 விநாடி. எந்தப் பகுதி மிகுதியான நேரத்தை விழுங்குகிறதோ அதைச் சீராக்கினால்தான் முழுமைக்கும் பயன் உண்டு. 1967-இல் ஜீன் அம்டால் என்னும் அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் எடுத்துரைத்த கருத்தின் சாரம் இதுவே.

அடுத்து நினைவகம். ‘ராம்’ எனப்படும் இது நிரம்பிவிட்டால், மீதித் தகவலைக் கணிப்பொறி வன்தட்டில் இறக்கி வைத்து, வேண்டும்போது மீண்டும் எடுக்கிறது. ராமிலிருந்து எடுக்க ஏறத்தாழ 100 நானோ விநாடி. வன்தட்டிலிருந்து எடுக்க 13 மில்லி விநாடி. இது 1,30,000 மடங்கு! அஞ்சறைப் பெட்டியிலிருந்து கடுகை எடுக்க ஒரு விநாடி ஆகுமென்றால், வன்தட்டிலிருந்து அதே கடுகு வந்து சேர ஒன்றரை நாள் ஆகும். நினைவகம் 4 ஜி.பி. மட்டுமே இருந்து, அது எப்போதும் நிரம்பி வழிந்தால் 8 ஜி.பி. ஆக்குவது நல்ல மருந்து.

தொடக்கத்தில் நன்றாக ஓடி, கால் மணி நேரம் கழித்துத் தளர்ந்தால் வெப்பத்தை ஐயுறுங்கள். விசிறியிலும் அலுமினியத் தகடுகளிலும் தூசு அடைத்துக்கொண்டால் செயலகம் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசு நீக்கி, உலர்ந்த வெப்பப் பசையைப் புதுப்பித்தாலே போதும். திறக்கும் ஒவ்வொரு முறையும் தேதி தவறாக இருந்தால், தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ 3 வோல்ட் மின்கலம் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

இரண்டு எச்சரிக்கைகள். எந்த வேலைக்கும் முன்னர் வீட்டின் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறொரு தட்டில் படியெடுத்து வையுங்கள். உறுப்பை விலைக்கு வாங்கலாம். புகைப்படத்தை வாங்க முடியாது. இரண்டாவது, மின்வழங்கிப் பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தின் உச்ச மதிப்பு 325 வோல்ட். மின் இணைப்பை எடுத்த பின்னும் உள்ளிருக்கும் மின்தேக்கி அம்மின்னூட்டத்தைச் சிறிது நேரம் தாங்கியிருக்கக்கூடும்.

ஆண்டுச் செலவே அளவுகோல்

விலையை விலையோடு ஒப்பிடுவது தவறு. ஆண்டுச் செலவை ஆண்டுச் செலவோடு ஒப்பிட வேண்டும். கணக்குக்காகச் சில எண்களைக் கொள்வோம். உங்கள் ஊர்க் கடையில் விசாரித்து உண்மை விலைகளை இட்டுக்கொள்ளுங்கள். புதிய மடிக்கணினி 36,000 ரூபாய், ஆயுள் 6 ஆண்டு: ஆண்டுக்கு 6,000 ரூபாய். எஸ்.எஸ்.டி.யும் நினைவகமும் 4,500 ரூபாய், இன்னும் 3 ஆண்டு ஓடும்: ஆண்டுக்கு 1,500 ரூபாய்.

மின்செலவையும் சேர்ப்போம். பழையது 100 வாட், புதியது 30 வாட், நாளுக்கு 4 மணி நேரம் எனில் ஆண்டு வேறுபாடு சுமார் 102 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்றால் 612 ரூபாய். பழையதன் பக்கம் இதைச் சேர்த்தாலும் 2,112 ரூபாய்தான். பழுது பார்ப்பதே வெல்கிறது.

ஆனால் தாய்ப்பலகையே பழுதாகி, அதைச் சீர்செய்ய 9,000 ரூபாய் ஆகும், அதற்குப் பின்னும் ஓராண்டுக்கு மேல் உறுதியில்லை என்றால் ஆண்டுச் செலவு 9,000 ரூபாய். இப்போது புதியது வெல்கிறது. மின்தேக்கிகளின் தலை பல இடங்களில் உப்பியிருந்தாலும், நினைவகத்தைக் கூட்ட வழியில்லாமல் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தாலும் தராசு புதியதன் பக்கமே சாயும்.

பாதுகாப்பையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும், அங்கீகரிக்கப்பட்ட செயலகமும் வேண்டும். பத்து வயதுக் கணிப்பொறிகள் பெரும்பாலும் இதில் தேறுவதில்லை. திருத்தம் பெறாத கணிப்பொறியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, பூட்டு உடைந்த பெட்டியில் நகை வைப்பதற்கு ஒப்பாகும். லினக்ஸ் போன்ற விலையில்லா இயக்க முறைமையைப் பொருத்தி இக்குறையை நீக்கலாம். வீட்டுக்குக் கட்டாயம் வேண்டிய மென்பொருள் அதில் ஓடாது என்றால் மட்டும் புதிய கணிப்பொறியை எண்ணலாம்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு மேசைக் கணிப்பொறியையும் திரையையும் செய்ய 240 கிலோ புதைபடிவ எரிபொருளும், 22 கிலோ வேதிப்பொருளும், 1,500 கிலோ நீரும் செலவாயின என்று ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழக ஆய்வு 2004-இல் மதிப்பிட்டது. குழல் திரைகள் இருந்த காலக் கணக்கு அது. ஆயினும், வீட்டுக்கு வருமுன்பே ஒரு கருவி எவ்வளவு தின்றுவிடுகிறது என்பதை அது காட்டுகிறது. கழித்தே தீரவேண்டுமெனில், தட்டிலுள்ள தகவலை முற்றிலும் அழித்துவிட்டு, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படையுங்கள்.

செய்து பாருங்கள்

1. உங்களுக்குக் கிடைக்கும் கணிப்பொறி ஒன்று விழித்தெழும் நேரத்தை மூன்று முறை அளந்து சராசரி காண்க. அது திணறும்போது செயலகம், நினைவகம், வன்தட்டு மூன்றின் விழுக்காட்டையும் குறித்து, தளர்ந்த கண்ணி எது எனக் கண்டறிக.

2. ஒரு வன்தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. அதன் முனை நகர 12 மில்லி விநாடி ஆகிறது. விநாடிக்கு எத்தனை முறை அது தகவல் எடுக்கும்? (விடை: ஏறத்தாழ 57 முறை.)