பழைய ஃபோர்டு டேஷ்போர்டு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

1960களின் ஃபோர்டு எஃப்-100 பிக்கப் ஒன்றை ஆசையாக வாங்குகிறவர்கள் பலர், முதல் மாதமே அதன் நல்ல மீட்டர்களைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். யாரோ சொல்லிக் கேட்ட சில நம்பிக்கைகள்தான் காரணம். எனக்கு இது பெரிய வருத்தம்.

நம்பிக்கை: பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் தப்பாகக் காட்டினால் இரண்டு மீட்டரும் போய்விட்டன.

இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் மீட்டர்களைச் சந்தேகிக்காதீர்கள். பின்புறம் சின்னத் தகரப் பெட்டி ஒன்று இருக்கும். மீட்டர்களுக்கான வோல்டேஜ் ரெகுலேட்டர் அது. பேட்டரியின் 12 வோல்ட்டைச் சராசரியாக 5 வோல்ட்டாக்கி இரண்டுக்கும் கொடுக்கிறது. உள்ளே ஈருலோகத் தகடு. அதன்மேல் வெப்பக் கம்பிச் சுற்று. சூடானால் தகடு வளைந்து மின்சாரம் அறும், ஆறினால் மறுபடி ஒட்டும். மல்டிமீட்டரில் எண் நிற்காமல் துள்ளுவது அதனால்தான். டெஸ்ட் லேம்ப் விட்டுவிட்டு எரிந்தால் ரெகுலேட்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம். மீட்டருக்குள்ளும் இதே போன்ற தகடுதான், மெதுவாகச் சூடாகும். அதனால் முள் துடிப்பதில்லை.

அந்தப் பெட்டியின் கூடுதான் அதற்கு எர்த். துருவோ புதுப் பெயின்ட்டோ குறுக்கே வந்தால் வெப்பச் சுற்றுக்கு மின்சாரம் ஓடாது, தகடு விடவே விடாது. முழு 12 வோல்ட்டும் மீட்டர்களுக்குப் போகும். இரண்டு முள்ளும் எகிறும். கவனிக்காமல் ஓட்டினால் கருகும். டேஷ்போர்டுக்குப் பெயின்ட் அடித்தவர்கள் மாட்டும் முன் அந்தத் திருகு உட்காரும் இடத்தைச் சுரண்டி வெள்ளையாக்கிவிடுங்கள்.

நம்பிக்கை: மீட்டருக்கு நேராக 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்கலாம்.

கூடவே கூடாது. டேங்கிலிருக்கும் மிதவை யூனிட்டின் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் எர்த்துக்கும் நடுவே 10 ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். முள் நிறைந்த டேங்கைக் காட்ட வேண்டும். 73 ஓம் வைத்தால் காலி. இரண்டும் சரியென்றால் மீட்டர் நலம். கோளாறு டேங்க் பக்கம்.

நம்பிக்கை: 6 வோல்ட் வண்டியை 12-க்கு மாற்றினால் பழைய வயர் தாங்காது.

1955 வரை எஃப்-100 வண்டிகள் 6 வோல்ட். 45 வாட் விளக்கு 6 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் இழுக்கும்; 12 வோல்ட்டில் 3.75 தான். பழைய தடித்த வயருக்குப் பாரம் குறைகிறது. துணி உறை நொறுங்கினால் மட்டும் வயரை மாற்றுங்கள். பல்புகளும் மீட்டர்களுக்கான மின்னழுத்தமும் வேறு கணக்கு.

நம்பிக்கை: ஃபியூஸ் அடிக்கடி போனால் பெரியதாகப் போடு.

வண்டி தீப்பிடிக்கும். ஃபியூஸ் காப்பது வயரை. ஃபியூஸ் இருந்த இடத்தில் டெஸ்ட் லேம்பை மாட்டி, டேஷ்போர்டுக்குப் பின்னால் வயர்க் கட்டை ஒவ்வொரு இடமாக அசையுங்கள். பளிச்சென்று எரியும் விளக்கு எந்த இடத்தைத் தொட்டதும் மங்குகிறதோ, அங்கே வயர் இரும்பில் உரசுகிறது.