படகின் புகைக்குழாய் சொல்லும் பாடம்

விராலிமலையில் மலை உண்டு; முருகன் கோயில் உண்டு; மயில்கள் உண்டு. கடல்தான் இல்லை. ஆனால் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடற்கரை உண்டு. விராலிமலையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணம் செய்தால், அறந்தாங்கிக்கு அப்பால் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி என்று பாக் விரிகுடாவை ஒட்டிய ஊர்கள் வரும்.

ஒரு மே மாதம், கல்லூரி விடுதியில் என்னோடு படித்த நண்பர்கள் மூவருடன் அந்தக் கரைக்குச் சென்றிருந்தேன். நண்பர் ஒருவரின் அண்ணனுக்குச் சொந்தமான சிறிய கண்ணாடியிழைப் படகில், கரையோரமாகவே வடக்கு நோக்கிப் புறப்பட்டோம். படகின் பின்புறத்தில் பெட்ரோலில் ஓடும் வெளிப்பொருத்தும் இயந்திரம். வெயிலுக்காக நான்கு கம்புகளை நட்டு மேலே தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். முன்புறமும் ஒரு பாயைத் தொங்கவிட்டிருந்தார்கள். நாங்கள் நால்வரும் அந்த நிழலில், இயந்திரத்துக்கு அருகிலேயே அமர்ந்து பழங்கதை பேசிக்கொண்டிருந்தோம்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஒரு நண்பர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "தலை கனக்குதுடா, வாந்தி வர்ற மாதிரி இருக்கு" என்றார். கடல் ஒவ்வாமை என்று நினைத்து எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தோம். சிறிது நேரத்தில் எனக்கும் தலைவலி தொடங்கியது. படகை ஓட்டிய பெரியவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். "சார், எல்லாரும் முன்னால போயி காத்துல உக்காருங்க. பொகை உள்ளாற சுத்துது" என்று சொல்லிவிட்டு, தார்ப்பாயை அவிழ்த்துச் சுருட்டினார். படகைக் காற்றுக்குக் குறுக்காகத் திருப்பினார். கரை சேர்ந்து ஒரு மணி நேரத்தில் தலைவலி மெல்லக் குறைந்தது.

எங்கள் இரத்தத்தைச் சோதிக்க அங்கே கருவி ஏதும் இல்லை. எனவே அது கடல் ஒவ்வாமையா, புகையா என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பௌதிகம் கற்பிக்கும் நான் கவனிக்கத் தவறியதைப் படகோட்டி கவனித்தார் என்பது உண்மை.

புகை ஏன் பின்தொடர்ந்தது?

படகு முன்னால் செல்கிறது. புகை பின்னால் வெளியேறுகிறது. அப்படியானால் புகை நம்மை விட்டு விலகத்தானே வேண்டும்? இங்கேதான் நீங்கள் படித்த சார்புத் திசைவேகம் உதவிக்கு வருகிறது.

அன்று தெற்கிலிருந்து காற்று வீசியது. அதன் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். படகு வடக்கு நோக்கி மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. படகில் இருப்பவருக்குக் காற்று எப்படித் தோன்றும்? 15-இலிருந்து 12 போக 3. அதாவது மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் பின்னாலிருந்து மெல்ல வீசும். பின்புறம் வெளியேறிய புகையை அது படகுக்குள்ளேயே கொண்டுவந்து சேர்க்கும். படகும் காற்றும் ஒரே வேகத்தில் சென்றால் இன்னும் மோசம்: படகைச் சுற்றிக் காற்றே இல்லாததுபோல் ஆகிவிடும், புகை நின்ற இடத்திலேயே நிற்கும். அதே படகு திரும்பித் தெற்கு நோக்கி வந்தால், 12-உம் 15-உம் சேர்ந்து மணிக்கு 27 கிலோமீட்டர் எதிர்காற்று! அப்போது புகை வெகுதூரம் அடித்துச் செல்லப்படும்.

ஆனால் எதிர்காற்று இருந்தால் முழுப் பாதுகாப்பு என்று எண்ணிவிடாதீர்கள். மண் சாலையில் ஓடும் பேருந்தைக் கவனித்திருப்பீர்கள். அதன் முன்கண்ணாடியைவிடப் பின்கண்ணாடியில்தான் புழுதி அதிகமாகப் படிந்திருக்கும். பேருந்தின் பின்புறத்தில் அழுத்தம் குறைந்து, காற்று சுழன்று, புழுதியை இழுத்துக்கொள்கிறது. படகின் முன்னால் தொங்கவிட்ட தார்ப்பாயும் அதே வேலையைச் செய்யும். பாய்க்குப் பின்னால் உண்டாகும் சுழல், இயந்திரத்தின் புகையை நிழலில் இருப்பவர்களிடம் இழுத்து வரும்.

கண்ணுக்குத் தெரியாத பகைவன்

எரிபொருளில் உள்ள கார்பன் போதிய ஆக்ஸிஜனுடன் எரிந்தால் கார்பன் டையாக்சைடு உண்டாகும். ஆக்ஸிஜன் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். டீசல் எஞ்சினில் பொதுவாகத் தேவைக்கு மிஞ்சிய காற்று இருப்பதால் இந்த வாயு குறைவு. பெட்ரோல் எஞ்சினில் அதிகம்.

இதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. கார்பனின் அணு எடை 12, ஆக்ஸிஜனுடையது 16. ஆக மூலக்கூறு எடை 28. காற்றின் சராசரி ஏறத்தாழ 29. எனவே இது மேலே போய்விடுவதும் இல்லை, கீழே தங்கிவிடுவதும் இல்லை. காற்றோடு காற்றாகக் கலந்து நிற்கும். நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் இதைப் பற்றிக்கொள்கிறது. பேருந்தில் இருக்கைகளையெல்லாம் ஒருவரே துண்டு போட்டுப் பிடித்துக்கொண்டால் மற்றவர் என்ன செய்வார்? ஆக்ஸிஜனின் கதியும் அதுதான். காற்றில் நூற்றில் ஒரு பங்கு இந்த வாயு இருந்தாலே சில நிமிடங்களில் உயிர் போகக்கூடும்.

அமெரிக்காவின் பவல் ஏரியில் 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், வீட்டுப்படகு ஒன்றின் பின்புறத்தில் நீந்திக்கொண்டிருந்த சகோதரச் சிறுவர் இருவர் உயிரிழந்தனர். படகின் மின்னாக்கிப் புகை, பின்பக்க மேடைக்கு அடியில் தேங்கியிருந்ததே காரணம் என்று தெரியவந்தது. திறந்த ஏரியில், தலைக்குமேல் வானம் இருந்தும் இது நடந்தது. எனவே ஓடும் எஞ்சினுக்கு அருகில், படகின் பின்புறம் நீந்துவது கூடவே கூடாது.

குழாய்க்குள் தண்ணீர்

மறுநாள் நண்பரின் அண்ணன் எங்களைப் படகு பழுதுபார்க்கும் இடத்துக்கு அழைத்துச் சென்றார். தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனம் பெருக்கும் அந்தக் காலத்தில்தான் படகுகளைக் கரையேற்றி, பலகை மாற்றி, வர்ணம் பூசி, எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பார்கள்.

எஞ்சினுக்கு நாம் கொடுக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வேலையாகிறது. ஒரு பங்கு குளிர்விக்கும் நீரோடும், மற்றொரு பங்கு புகையோடும் போய்விடுகிறது. டீசல் எஞ்சின் கடுமையாக உழைக்கும்போது புகையின் வெப்பம் 450 டிகிரி சென்டிகிரேடு இருக்கும். மரத்தின் அருகே, எரிபொருள் தொட்டியின் அருகே இத்தகைய குழாய் போகிறது என்றால் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்!

இதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, குழாயின் மேல் வெப்பம் கடத்தா நாடாவைச் சுற்றி, உலர்ந்த நிலையிலேயே மேல்நோக்கிக் கொண்டுபோவது. முன்பு இதற்குக் கல்நார்க் கயிற்றைச் சுற்றுவார்கள். கல்நாரின் நுண்ணிழை நுரையீரலுக்குப் பெருங்கேடு என்பதால், கண்ணாடியிழை நாடாவே ஏற்றது. மற்றொரு வழி, எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு வரும் கடல்நீரைப் புகையோடு கலந்துவிடுவது. இதற்கென ஒரு வளைகுழாய் உண்டு. அதில் நீரும் புகையும் கலந்து, ரப்பர்க் குழாய் வழியாக வெளியேறும்.

எவ்வளவு நீர் வேண்டும்? 30 குதிரைத் திறன் கொண்ட டீசல் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.5 கிலோகிராம் புகையை வெளிவிடும் என்று கொள்வோம். புகையின் தன்வெப்பம் ஏறத்தாழ 1.1 கிலோஜூல். அதை 450 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் குளிர்விக்க, 2.5 × 1.1 × 390 = ஏறத்தாழ 1,070 கிலோஜூல் வெப்பத்தை நீக்க வேண்டும். ஒரு லிட்டர் நீர் 20 டிகிரி சூடேறினால் 84 கிலோஜூல் வெப்பத்தை ஏற்கும். ஆகவே நிமிடத்துக்கு ஏறத்தாழ 13 லிட்டர், அதாவது ஒரு வாளி நீர்!

குளிர்ந்த புகையின் பருமனும் சுருங்கும். கெல்வின் அளவில் 723-இலிருந்து 333-க்கு இறங்குவதால், சார்லஸ் விதிப்படி பருமன் பாதிக்கும் குறைவாகிறது. அதனால் இரைச்சலும் தணிகிறது.

கவனிக்க வேண்டியவை

நல்ல படகோட்டி எஞ்சினைக் கிளப்பியதும் முதலில் பார்ப்பது, பின்னால் தண்ணீர் துப்புகிறதா என்பதைத்தான். அந்த ஒரு வாளி நீர் நின்றுபோனால், ரப்பர்க் குழாய் சில நிமிடங்களில் கருகத் தொடங்கும். நீர் நிற்கக் காரணம் பெரும்பாலும் சிறியது: நீர் எடுக்கும் துளையில் ஒட்டிய பிளாஸ்டிக் பை, அல்லது பம்பின் ரப்பர்ச் சக்கரத்தில் ஒடிந்த இதழ், அல்லது கடற்புல். பாக் விரிகுடாவில் கடற்புல் ஏராளம். அதை மேய்ந்து வாழும் கடற்பசுவுக்காக, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுரக் கிலோமீட்டர் பரப்பைத் தமிழக அரசு 2022-இல் பாதுகாப்பகமாக அறிவித்தது. நீர் வடிகட்டியை அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டும்.

வளைகுழாய் அடுத்த பலவீனமான இடம். வெப்பம், உப்பு நீர், கரி மூன்றும் சேரும் இடம் அது. வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே அரித்துப் போயிருக்கும். அல்லது கரி படிந்து வழி குறுகியிருக்கும். வழி குறுகினால் புகை வெளியேற முடியாமல் எஞ்சின் திணறும். ஆண்டுக்கொரு முறை கழற்றி, உட்புறத்தைப் பார்ப்பதே சரி.

இணைப்புகளில் கரிக்கோடு தெரிந்தால், அந்த இடத்தில் புகை கசிகிறது என்று பொருள். துடைத்துவிட்டுப் போகக் கூடாது. இணைப்பைப் பிரித்து அடைப்பு வளையத்தை மாற்ற வேண்டும்.

இன்னொன்று. எஞ்சின் கிளம்பாமல் முரண்டு பிடிக்கும்போது மீண்டும் மீண்டும் சுழற்றினால், பம்பு நீரை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதைத் தள்ள புகை இல்லை. குழாய் நிறைந்து, நீர் சிலிண்டருக்குள் புகலாம். காற்றை அழுத்தலாம், நீரை அப்படி அழுத்த முடியாது. பிஸ்டனைத் தாங்கும் இரும்புத் தண்டே வளைந்துவிடும். ஆகவே அத்தகைய வேளையில் நீர் வரும் வால்வை மூடிவைத்து, எஞ்சின் கிளம்பியவுடன் மறவாமல் திறக்க வேண்டும்.

புகையின் நிறமும் பேசும். கறுப்புப் புகை: காற்றுக் குறைவு அல்லது அதிகச் சுமை. நீலப் புகை: எண்ணெய் எரிகிறது. வழக்கத்துக்கு மாறான வெண்ணிற ஆவி: குளிர்விக்கும் நீர் குறைந்திருக்கலாம்.

கடல் இல்லாத ஊரிலும்

நம்மில் பலர் படகு வைத்திருக்கப் போவதில்லை. ஆனால் மின்தடையின்போது கடைக்குள்ளோ மாடிப்படியின் அடியிலோ ஜெனரேட்டரை ஓட்டுவோர் எல்லா ஊரிலும் உண்டு. மூடிய கொட்டகையில் காரை ஓடவிட்டு உறங்குவோரும் உண்டு. ஒரே இடத்தில் இருக்கும் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால், முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். எல்லோரையும் திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நாங்கள் அன்று எலுமிச்சம்பழத்தோடு நின்றுவிட்டோம். நீங்கள் அப்படி நிற்க வேண்டாம்.

செய்து பாருங்கள்

மேசை விசிறியைக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். அதன் முன் சற்றுத் தொலைவில் தடித்த அட்டை நோட்டு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நோட்டின் மறுபுறம், இரண்டு விரற்கடை தள்ளி, புகையும் ஊதுவத்தியைப் பிடியுங்கள். புகை எந்தப் பக்கம் செல்கிறது?

சிந்தியுங்கள்

1. அதே 15 கிலோமீட்டர் தென்காற்றில், படகு வடக்கு நோக்கி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், படகில் இருப்பவருக்குக் காற்று எத்திசையிலிருந்து, என்ன வேகத்தில் வீசும்?

2. புகையின் அளவு குதிரைத் திறனுக்கு நேர்விகிதத்தில் இருப்பதாகக் கொண்டால், 60 குதிரைத் திறன் எஞ்சினுக்கு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் நீர் வேண்டும்?

விடைகள்: 1. முன்னாலிருந்து, மணிக்கு 5 கிலோமீட்டர். 2. ஏறத்தாழ 26 லிட்டர்.