தீவட்டி ஏந்திய மங்கை

ஜோசப் கொன்றாட் எழுதிய ‘ஹார்ட் ஒவ் டார்க்னஸ்’, அதாவது ‘இருளின் இதயம்’, 1899இல் சஞ்சிகையொன்றில் தொடராக வெளிவந்து 1902இல் நூலுருப் பெற்றது. ஆபிரிக்காவில் யானைத்தந்தம் சேர்க்கும் கம்பனி ஒன்றின் கதை அது. கம்பனியின் நிலையமொன்றில், கதைசொல்லியாகிய மார்லோ ஓர் ஓவியத்தைக் காண்கின்றான். தீட்டியவன் கம்பனியின் புகழ்பெற்ற முகவன் குர்ட்ஸ். மங்கையொருத்தி, கண்கள் கட்டப்பட்டவளாய், எரியும் தீவட்டியை ஏந்தி நிற்கின்றாள். பின்புலம் ஏறக்குறைய முழுக் கருமை. தோற்றம் கம்பீரமானது, ஒளிபட்ட முகமோ அச்சந்தருவது.

கண்கட்டு நீதிதேவதைக்குரியது, தீவட்டி நாகரிகத்துக்குரியது, ஆகவே ஐரோப்பா குருட்டுத்தனமாய் ஒளி கொணர்ந்தது என்று மாணவர் எழுதி முடித்துவிடுவர். பிழையன்று, ஆயினும் போதாது. ஓவியம் எங்கே இருக்கின்றது, எவ்வேளையில் காணப்படுகின்றது என்பவற்றையும் நோக்குதல் வேண்டும்.

செங்கல் செய்யவென நியமிக்கப்பட்டு, ஓராண்டுக்கு மேலாகியும் ஒரு கல்லேனும் செய்யாத உத்தியோகத்தனின் அறை அது. சுவரில் ஈட்டிகளும் கேடயங்களும் தொங்குகின்றன. அக்காலத்தில் மெழுகுதிரிக்கு உரிமையுடையவர் முகாமையாளர் ஒருவரே என்பது அந்நிலையத்து வழக்கு. இவனிடமோ முழுத் திரியொன்று உண்டு. ஈண்டு ஒளியும் பதவிச் சின்னமே. அன்றிரவு சரக்குக் கொட்டிலொன்று தீப்பற்றுகின்றது. அதற்குக் காரணன் எனச் சொல்லிக் கறுப்பு மனிதன் ஒருவனை வெளியே அடிக்கின்றனர். எவனுக்காகத் தீவட்டி ஏந்தப்பட்டதென்று கூறுகின்றனரோ, அவன் படத்தில் இல்லை. சுவருக்கு அப்பால் முனகுகின்றான். தீவட்டியின் ஒளி ஏந்தியவளின் முகத்தையே காட்டிக்கொடுக்கின்றது என்பது எமது கருத்து. தீட்டிய குர்ட்ஸை மட்டும் கண்கட்டப்பட்டவன் என்று மன்னித்துவிட இயலுமா? 17 பக்கங்களில் கருணை பேசும் அறிக்கை எழுதி, அதன் அடியிலேயே அம்மக்களை அழித்தொழிக்குமாறு கிறுக்கியவனும் அவனே.

கொன்றாட் கொங்கோவுக்குச் சென்றது 1890இல். அதே ஆண்டிலேதான் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து ஊவாவில் தோட்டங்களை வாங்கினார். அவருடைய தேயிலை விளம்பரங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண் நல்ல வெளிச்சத்தில் நிற்பாள். இங்கே உழைப்பவள் ஒளியில், உடைமையாளர் மறைவில்! நாமறிந்த அத்தகைய படங்களில் லயத்துக் காம்பரா இடம்பெறவில்லை. கூடையின் பாரமறிந்த லிந்துலைப் பிள்ளைகளுக்கு அதனை நாம் விளக்கவேண்டியதில்லை. ஒளி யார்மேல் விழுகின்றது, சட்டகத்துக்கு வெளியே நிற்பவர் யார் என்ற வினாக்களையே அவர்கள் கொன்றாட்டின் ஓவியத்திடமும் கேட்கலாம்.

நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபே 1975இல் ஆற்றிய விரிவுரையில் கொன்றாட்டையே கூண்டிலேற்றினார். ஆபிரிக்கரை அவர் வெறும் பின்னணியாக்கினார், பேச்சளிக்கவில்லை என்றார். இதனை முழுவதும் ஏற்காதாரும் உளர். ஆயினும் அடிபட்ட அம்மனிதன் கதையில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. சில நாள் நிழலில் நோயுற்று அமர்ந்திருக்கின்றான். பின்னர் எழுந்து காட்டினுட் சென்றுவிடுகின்றான்.