வண்டி வாங்குவது கடைசி வேலை

சின்ன ஊரில் சரக்குப் போக்குவரத்தைச் சீர்படுத்தலாம் என்று கூட்டம் போட்டால், முதலில் எழுகிற பேச்சு மின்சார ஆட்டோ வாங்குவதைப் பற்றித்தான் இருக்கும். ஆனால் கேரளத்தின் சித்தூர்–தத்தமங்கலம் நகராட்சி போன்ற இடத்தில் நேரத்தையும் இடத்தையும் முடிவு செய்த பிறகே வண்டிக்கு வரவேண்டும்.

முதலில் கணக்கெடுங்கள். சந்தை நாள் ஒன்று, சாதாரண நாள் ஒன்று. விடியற்காலை ஐந்து முதல் இரவு ஒன்பது வரை. கடைவீதியில் மூன்று இடங்களில் கல்லூரி மாணவர்களை நோட்டோடு நிறுத்தினால் போதும். என்ன வண்டி, என்ன சரக்கு, எங்கிருந்து வந்தது, எத்தனை நிமிடம் நின்றது, திரும்பும்போது காலியாகப் போனதா என்று எழுதட்டும். வண்டிகளின் எண்ணிக்கையை விட நின்ற நிமிடங்களே முக்கியம். ஓடும் லாரியை விட நிற்கும் லாரிதான் தெருவை அடைக்கிறது. கொச்சி, பணஜி, சிம்லா நகரங்களில் உள்ளாட்சிகளின் பன்னாட்டு அமைப்பான இக்லி நடத்திய ஈகோலாஜிஸ்டிக்ஸ் என்ற சரக்குப் போக்குவரத்துத் திட்டத்திலும் தரவு திரட்டுவது அடிப்படை வேலையாக இருந்தது.

அடுத்து, காத்திருக்க முடிகிற சரக்கையும் முடியாததையும் பிரித்துவையுங்கள். கள்ளு இறக்கியதுமே புளிக்கத் தொடங்கும். எக்சைஸ் பெர்மிட்டோடு வெளி மாவட்டங்களுக்குப் போகிற கள்ளு வண்டிகளின் நேரத்தில் கை வைக்க வேண்டாம். பால் சொசைட்டி வண்டியும் அப்படித்தான். பொள்ளாச்சி, ஒட்டன்சத்திரம், வேலந்தாவளம் பக்கமிருந்து வரும் காய்கறியைக் கடை திறக்கும் முன்பே இறக்கிவிடலாம். சிமெண்ட், அரிசி மூட்டை, சோப்புப் பெட்டி இவை எப்போது வந்தாலும் கெடாது. பள்ளி நேரத்தைத் தவிர்த்து நகர்த்த வேண்டியவை இவைதான்.

பலரும் தாண்டிப் போகிற படி இனி வருகிறது. சரக்கு ஏற்றி இறக்கும் சுமட்டுத் தொழிலாளர்களோடு உட்கார்ந்து பேசாமல் அட்டவணை போடாதீர்கள். 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கேரளத்தில் அவர்களுக்கு உரிமையும் நலவாரியமும் உண்டு. வேலை செய்யாமல் கேட்கப்படும் நோக்குகூலியை அரசு 2018 மே 1 முதல் ஒழித்தது. அதற்காக அவர்களை எதிர்த்தரப்பாகப் பார்ப்பது முட்டாள்தனம். இறக்கும் நேரத்தை விடியற்காலைக்கு மாற்றினால் யார் வருவார்கள், என்ன கூலி என்பதை அன்றே பேசி எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கடைக்கு எத்தனை படி ஏற வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இடம். கடைவீதியில் இரண்டு வண்டி நீளத்துக்குக் கோடு போட்டு, சரக்கு இறக்க மட்டும் இருபது நிமிடம் என்று பலகை வைக்கலாம். வாகனக் கட்டுப்பாட்டுக்கும் நிறுத்துமிடத்துக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 115, 117 பிரிவுகளில் வழி இருக்கிறது. நகராட்சியின் போக்குவரத்து ஒழுங்குமுறைக் குழுவில் மனு கொடுங்கள். தெருவோரக் கடைக்காரர்களை அந்தக் கோட்டுக்காக விரட்டக் கூடாது. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களைப் பாதுகாக்கிறது.

ஊர் விளிம்பில் லாரியை நிறுத்தி சிறு வண்டிக்கு மாற்றும் யோசனையும் வரும். சென்னை கொத்தவால்சாவடியை 1996-இல் கோயம்பேட்டுக்கு நகர்த்தியது பெருநகரத்தின் தேவை. இங்கே ஒரு காலி மனை போதும். ஆனால் ஒவ்வொரு மாற்றமும் இன்னொரு முறை ஏற்றி இறக்கும் கூலி. ஒரே கடைக்கு முழு லோடு வந்தால் நேராகவே போகட்டும்; பல கடைக்குச் சில்லறையாக வருவதை மட்டும் மாற்றுங்கள். மாநில எல்லை தாண்டி வரும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்குப் பொதுவாக ஈ-வே பில் வேண்டும். வண்டி மாறினால் அதில் என்ன திருத்த வேண்டும் என்று கணக்கரிடம் முன்பே கேளுங்கள்.

இப்போது வண்டி. மின்சாரச் சரக்கு ஆட்டோ சுமார் 500 கிலோ ஏற்றும். 2018 அக்டோபர் முதல் மின்வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. ஊருக்குள் ஓட ஒரு இரவு சார்ஜ் தாராளம். திரும்பும்போது காலியாக ஓட்டாமல் அட்டைப்பெட்டி, காய்கறிக் கிரேட்டு, வீடுவீடாகக் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனை சேர்த்து வைத்த பிளாஸ்டிக் ஆகியவற்றை ஏற்றுங்கள். இல்லாவிட்டால் பாதிச் செலவு வீண்.

ஒரு தெருவில் ஒரு மாதம் நடத்திப் பார்த்து, அதே மாணவர்களை அதே இடங்களில் மறுபடி எண்ணச் சொல்லுங்கள். ஓண வாரத்தையும் சித்தூரின் கொங்கன்படைத் திருவிழாவையும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த நாட்களுக்குத் தனி நேரம் குறித்து, பத்து நாள் முன்பே கடைகளில் ஒட்டிவிடுங்கள், தமிழிலும் மலையாளத்திலும்.