ஏழை இல்லத்தில் இணையம்

மின்விளக்கு ஒரு காலத்தில் செல்வர் மனைக்கே உரியதாய் இருந்தது. பின்னர்க் குடிசைக்கும் வந்தது. இணையமும் அவ்வாறே வருதல் வேண்டும். ஆயின், இங்கே ஓர் இடர் உண்டு. இணைப்பைப் பொருத்துதற்காகும் செலவு ஒருமுறையோடு ஒழியும். மாதக் கட்டணமோ ஒழியாது. நாட்கூலி பெறுவோர் அதனைத் தவறாது செலுத்துதல் அரிது. ஆதலின், மலிவு இன்னதென முதற்செலவு கொண்டு அளத்தல் பொருந்தாது.

இணையம் இல்லாமையின் துன்பத்தை 2020 ஆம் ஆண்டு நன்கு உணர்த்திற்று. கொரோனாப் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டன. கேரளத்தில் அவ்வாண்டு ஜூன் முதல் நாள் தொட்டு, விக்டர்ஸ் என்னும் அரசுத் தொலைக்காட்சி வாயிலாகவும் இணைய வாயிலாகவும் பாடங்கள் நடைபெற்றன. இரண்டும் இல்லாத வீட்டுச் சிறார் பாடம் கேட்க வழியின்றி நின்றனர். ஒரே பலகையில் அமர்ந்து பயின்ற தோழர் இருவருள் ஒருவன் கற்றான். மற்றவன் வாளா இருந்தான்.

கேரள அரசு அதற்கு முன்னரே ஒரு திட்டம் வகுத்திருந்தது. அதன் பெயர் கே-ஃபோன். பெயரைக் கேட்டு அஃது ஒரு தொலைபேசிக் கருவி என மயங்கற்க. கேரள ஒளியிழை வலையம் என்பதே அதன் பொருள். ஒளியிழையாவது மயிரிழை போன்ற மெல்லிய கண்ணாடி நூல். செய்திகள் ஒளித்துடிப்புகளாக மாறி அதனுள் விரைந்து ஓடும். அவ்விழையை மண்ணில் புதைக்க வேண்டுமாயின், சாலையைத் தோண்டுதலும் மீண்டும் செப்பனிடுதலும் வேண்டும். அதற்கே பெரும்பொருள் செலவாகும். மின்வாரியத்தின் கம்பங்களோ ஊர்தோறும் முன்னரே நின்றன. ஆகவே, மின்வாரியமும் அரசின் தகவல் தொழில்நுட்ப நிறுவனமும் கூட்டாகச் சேர்ந்து, பெரும்பாலும் அக்கம்பங்களின் வழியே இழையைக் கொண்டு சென்றன. நல்ல சிக்கனம் இது.

2023 ஆம் ஆண்டு ஜூன் 5 ஆம் நாள் இத்திட்டம் தொடங்கி வைக்கப்பெற்றது. வறுமைக் கோட்டிற்குக் கீழுள்ள 20 இலட்சம் குடும்பங்களுக்குக் கட்டணமின்றி இணைப்பு வழங்குதல் அதன் குறிக்கோள். முதற்கட்டமாக, 140 சட்டமன்றத் தொகுதிகளிலும் தொகுதிக்கு 100 வீடாக 14,000 வீடுகளுக்கு வழங்குவதென வரையறுத்தனர். 20 இலட்சம் எங்கே, 14,000 எங்கே! நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. தெருக் கம்பத்தில் இழை செல்வது வேறு. அது வீட்டினுள் நுழைவது வேறு. உரிய குடும்பங்களைத் தேர்தலும், வீடுதோறும் கருவி பொருத்துதலும், பழுது நீக்குதலும் வேண்டுமன்றோ?

கட்டணம் செலுத்தி இணைப்புப் பெறுவோர், எந்நிறுவனத்தாரிடமாயினும், சிலவற்றை முன்னரே வினவித் தெளிதல் நலம். விளம்பரத்தில் காணும் தொகையின்மேல் நூற்றுக்கு 18 வீதம் சரக்கு சேவை வரி சேர்க்கப்படுமா? மோடம் என்னும் கருவிக்குத் தனி விலை உண்டா? அளவு கடந்தபின் வேகம் எவ்வளவு குறையும்? ஆறு திங்களுக்குரிய தொகையை ஒருங்கே செலுத்துவோர்க்குச் சில நிறுவனங்கள் விலை குறைத்துத் தருகின்றன. அத்துணைத் தொகை ஒருங்கே கையில் இல்லாதார், அதே இணைப்பிற்கு மாதந்தோறும் மிகுதியாகவே கொடுக்க நேர்கிறது.