பன்னிரண்டாம் வாய்ப்பாடு

என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து விரட்டியது பன்னிரண்டாம் வாய்ப்பாடு. ஐந்தாம் வகுப்பில் எழுந்து நின்று விழிப்பேன். பசை காய்ந்த உள்ளங்கையில் பிரம்பு விழும். வீட்டுக்கு வந்ததும் அதே கை தீப்பெட்டிக்கு அடிப்பெட்டி ஒட்டும். பன்னிரண்டு டஜன் ஒரு குரோஸ், 144. இத்தனை குரோசுக்கு இவ்வளவு கூலி என்று அம்மா கேட்குமுன் சொல்லிவிடுவேன். இரண்டும் ஒரே கணக்கென்று எனக்கும் தெரியாது, அடித்தவருக்கும் தெரியாது. அடுத்த வருஷம், விடியுமுன் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் ஏறியபோது நான் அழவில்லை. வாய்ப்பாடு தொலைந்ததே என்றுதான் இருந்தது.

36 வயதில், பட்டாசு ஆபீஸ் வேலைக்கு நடுவே, தனித்தேர்வராக எட்டாவது எழுதினேன். "காமராசரே ஆறாவதோட நின்னவருதான, ஒனக்கு எதுக்கு இப்ப?" என்றார் மதினி. விருதுநகர்ப் பக்கம் படிப்பை விட்டவர்களுக்கெல்லாம் இந்த ஆறுதல் தயாராக இருக்கும். காமராசர் சிறைக்குள் உட்கார்ந்து புத்தகம் புத்தகமாகப் படித்ததை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

கணக்குக்கு நான் புத்தகத்தை முதலில் திறக்கவில்லை. சனிக்கிழமைச் சம்பளச் சீட்டைத்தான் எடுத்தேன். பிடித்தம் எத்தனை சதவீதம், முன்பணத்துக்கு வட்டி எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன். பிறகு புத்தகத்தில் அதே கணக்கு வேறு பேரில் இருந்தது. தையல்காரருக்கு அளவு நாடா, கொத்தனாருக்கு மட்டப்பலகை. உங்களுக்கும் ஏதாவது இருக்கும்.

படிக்கும் காலத்தையும் நம் தொழிலே சொல்லிவிடும். தீபாவளிக்கு முந்தின மாதங்களில் உடம்பு கேட்காது, புத்தகத்தைத் தொடாததற்கு வருத்தப்பட வேண்டாம். தீபாவளி முடிந்து வேலை ஓய்ந்த வாரங்களையும் மழை நாட்களையும் விட்டுவிடாதீர்கள்.

எட்டாவதைத் தாண்டினால் பத்தாவது. அதில் பலர் சறுக்குவது அறிவியலில். எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. செய்முறைப் பயிற்சி வகுப்புக்கு முன்கூட்டியே பேர் பதிந்து, 80 சதவீத நாட்கள் போயிருக்க வேண்டும். இதை விட்டுவிட்டுத் தேர்வு நெருங்கும்போது ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தோற்ற பாடத்தை மட்டும் திரும்ப எழுதினால் போதும். ஆங்கிலம் என்னை இரண்டு தடவை இழுத்தடித்தது. பத்தும் பன்னிரண்டும் இல்லாமல் நேரே திறந்தநிலைப் பட்டம் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு அது செல்லாது.

பாடத்தைவிடக் கஷ்டம், வகுப்பு வாசலைத் தாண்டுவது. செய்முறை வகுப்பின் முதல் நாள் டீச்சர் என் பக்கம் திரும்பியதும் உள்ளங்கை தானாக மூடிக்கொண்டது. என்னைவிடப் பத்து வயது இளையவர். "அக்கா, முன்னாடி வாங்க" என்றார். அலமாரியில் ஒரு பாட்டில், 'பொட்டாசியம் நைட்ரேட்' என்று எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு உற்றுப் பார்த்தேன்.

"டீச்சர், இது நம்ம வெடியுப்புல்லா?"

கூட எழுத வந்த பையன்கள் திரும்பினார்கள். கந்தகமும் கரியும் சேர்ந்தால் அது என்ன செய்யும், ஈரம் பட்டால் ஏன் பிடிக்காது என்று சொல்ல ஆரம்பித்தேன். நிறுத்தத் தெரியவில்லை. டீச்சர் கை கட்டி முழுசாகக் கேட்டார்.

"எல்லாம் சரிக்கா, இங்க செஞ்சு மட்டும் காட்டிராதீக."